குறிஞ்சாக்கேணிக்குப் போன கோழி

அறுபதுகளில் நடந்தது இது. என் கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்காரருக்குச் சமைக்கும் குசினியில் வேலை. ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தோம்.

கலியாணமாகிப் பிறந்த ஊரான பாலையூற்றிலிருந்து நான் புறப்பட்டபோது அம்மா ஒரு செங்கறுப்புப் பேட்டுக்கோழியைத் தந்தார். அவருடைய தாய் காலத்திலிருந்து விட்டுப்போகாமல் வந்த இனம் அது. அம்மா இறந்ததும் அண்ணன்மார் மற்றக் கோழிகளையெல்லாம் விற்றுவிட்டார்கள். மிஞ்சியது என்னிடம் நின்ற ஒன்றுதான்.

அதை ராணி மாதிரி வைத்திருந்தேன். பலகைக் கூட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. கணவரின் குசினியில் மிஞ்சும் கோதுமைப் பாணும் வெள்ளைச் சோறும்தான் தீன். சாணிக் கும்பியைக் கிளறும் அயல் கோழிகளைக் கண்டால் எனக்கு அருவருப்பு. நான் அதிகம் படிக்காதவள்தான். ஆனால் என் வளவில் நிற்கும் உயிர் எதுவும் மட்டமாகத் தின்னக்கூடாது.

சேவலொன்றை இரவல் வாங்கிக் கூட்டில் விட்டு, அடை வைத்தேன். பொரித்த குஞ்சுகள் இரண்டாம் நாளே தூங்கி விழுந்தன. வெள்ளையாய்க் கழிந்து, பின்பக்கம் ஒட்டிப்போய், ஒவ்வொன்றாய்ச் செத்தன. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அடுத்த அடையிலும் அதே கதிதான்.

கணவரின் தமக்கை கூட்டடியில் நின்று சிரித்தார்.

"மச்சாள், உங்கட கோழி துரைசாணி மாதிரிப் பாண் திண்டு கொழுத்திருக்கு. குஞ்சு மட்டும் நிக்குதில்லையே! ராசியில்லாததை அறுத்துக் கறியாக்குங்கோ."

அறுக்க மனம் வரவில்லை. வைத்திருக்க ரோசம் விடவில்லை. குறிஞ்சாக்கேணியிலிருந்து தயிர் கொண்டுவரும் முஸ்லிம் பெண் ஒருவர் இருந்தார். அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கோழியைத் தூக்கிக் கொடுத்தேன்.

"இது அம்மா தந்த கோழி. ஆனா குஞ்சு வளர்க்காது ராத்தா. முட்டைக்கு வைச்சிருங்கோ."

அடுத்த வருஷம் அவர் மகளின் கலியாணத்துக்குப் போனோம். மாட்டுப்பட்டி ஓரத்தில் என் கோழி, சுற்றிலும் குஞ்சுகள். சாணியைக் கிளறிப் புழுப் பிடிக்கிறது, கறையானைக் கொத்துகிறது, கீரையைப் பிய்க்கிறது. நான் முதலில் பார்த்தது குஞ்சுகளின் பின்பக்கத்தைத்தான். பஞ்சுபோலச் சுத்தமாக இருந்தது.

"குஞ்சுக்கு என்ன ராத்தா போட்டனீங்கள்?"

"குறுணல்தான்."

என் குஞ்சுகளுக்கு நான் போட்டதும் அதே அரிசிக் குறுணல்தான்.

"தாய்க்கு?"

"அதுக்கு நான் ஏன் போடுறன்? விடிஞ்சாத் திறந்துவிடுவன். கண்டதையும் திண்டுபோட்டுப் பொழுதுபட வரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குஞ்சின் குடலுக்கு வேண்டிய பலம் முட்டைக்குள் இருக்கும்போதே தாய் தின்றதிலிருந்துதான் போகிறது. நான் ஊட்டிய பாணில் அது இருக்கவில்லை.

ராத்தா இரண்டு குஞ்சுகளைப் பிடித்து என்னிடம் நீட்டினார். "உங்கட உம்மாட கோழிட வித்து. கொண்டு போங்க தங்கச்சி."

"வேணாம் ராத்தா, எங்களிட்ட வைக்க இடமில்லை."

"இடமில்லையா, ரோசமா?" என்று சிரித்தார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதா என்ற எண்ணம்.

அந்த மாரியில் குறிஞ்சாக்கேணியில் கோழிநோய் வந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தயிர்ச் சட்டியை இறக்கி வைத்தபடி ராத்தா சொன்னார்.

எதைத் தீனாகப் போடுவதென்று தெரியாமல் போனதை மன்னித்துக்கொள்வேன். தெரிந்த பிறகும், அம்மாவின் கோழியினம் கைக்கெட்டிய தூரத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்தபோது கையை நீட்டாமல் நின்றேனே, அதுதான் இன்றும் என்னை அரிக்கிறது.