சீமாட்டி திரும்பிப் போகவில்லை

கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரண்மனை. இப்போது அது அருங்காட்சியகம். அங்கே ஓர் அறையில் நின்று, படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. உட்காரக் கூடாது என்று சட்டம். எந்த மகாராசன் போட்டானோ தெரியாது. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் கால் என்னுடையதாகவே இருக்காது.

எனக்கு எதிரே தொங்குவது ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி. வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லியே அவள் கதை எனக்கு மனப்பாடம். பார்த்தேயிராத ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளையின் ஓவியம் மட்டும் வந்தது. ஓவியன் அம்மைத் தழும்பை விட்டுவிட்டு வரைந்திருந்தான். குதிரை வண்டியிலிருந்து இறங்கியவள் ஓவியத்து முகத்தைத் தேடிக்கொண்டு, மாப்பிள்ளையைத் தாண்டிப் போய்விட்டாளாம். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

எனக்கு வந்தது போட்டோ. இவர் ஊரைவிட்டு வெளிக்கிடும் முன் எடுத்தது, தலை நிறைய முடி. இங்கே வதிவிட அனுமதிக்குக் காத்திருந்த வருடங்களில் முடி கொட்டிவிட்டது. புதுப் படம் எடுத்து அனுப்பப் பயந்து பழையதையே அனுப்பிவிட்டார். விமான நிலையத்தில் நானும் அவரைத் தாண்டித்தான் போனேன். "இஞ்ச, நான்தான்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் கெட்ட மனிதர் இல்லை. சண்டையும் சமாதானமுமாகப் பிள்ளைகளை ஆளாக்கினோம்.

இந்த வருடம் இவர் பென்ஷன் எடுத்தார். யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, இனி அங்கேதான் என்கிறார். எனக்கு ஏலாது. பிள்ளைகள் இங்கே. ஒருமுறை பெட்டி கட்டி வந்த களைப்பே இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. இதை வாய் திறந்து சொல்லத்தான் முடியவில்லை. கேட்டபோதெல்லாம் "பாப்பம்" என்றே சமாளித்தேன்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் நான் நிற்கும் அறைக்கே வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"டிக்கெட் போடுற பெடியன் இண்டைக்குள்ள சொல்லச் சொல்றான். ரெண்டு போடவோ?"

நான் சீமாட்டியின் பக்கம் திரும்பினேன். அவர் படத்தைப் பார்த்தார். "ஆர் இவ?"

பிரான்சில் புரட்சி வந்தபோது புருஷனோடு தப்பி இங்கே வந்தவள் என்றேன். அங்கே அமைதியானதும் புருஷன் திரும்பிப் போனதையும் சொன்னேன்.

"இவ போகேல்லையோ?"

"இல்லை. இஞ்சதான் செத்தவ."

"ஏனாம்?"

"ஒருத்தருக்கும் தெரியாதாம். களைச்சுப்போனா எண்டு நினைக்கிறன்."

இவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தாள் தனியப் போய் ஆரின்ர கையால சாப்பிட்டவர்?"

இவரை வெறுத்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

"அதையும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன். "நீங்கள் ஒண்டே போடுங்கோ."

"ஓம்," என்றார். தொப்பியைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்ற சுற்றுலாக் கூட்டத்துக்குள் புகுந்து போனார். இப்போது எந்தக் கூட்டத்திலும் அந்தத் தலையை நான் தவறவிட மாட்டேன்.