போளூருக்கு முதுகு மிதிக்கப் போனது

நான் கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன், வீடு நாயுடுபுரம். வண்டியில் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன், அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் மகள் யாழினி, கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவளைத் தேடித்தான் வருவார்கள். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. நான் நம்பியதில்லை. ஆனாலும் நாளெல்லாம் மலைப்பாதையில் ஓட்டிவிட்டு வந்து குப்புறப் படுத்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்முதுகில் ஏறி நிற்பாள். "அசையாதீங்கப்பா, வைத்தியம் பாக்குறேன்ல" என்று அதட்டுவாள். அந்தச் சுகம் வேறு எதிலும் கிடையாது.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி பிடித்துக்கொண்டது. திண்டுக்கல்லில் எக்ஸ்ரே, மதுரையில் ஸ்கேன், எல்லா டாக்டரும் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வண்டியில் சீட்டை மாற்றிப் பார்த்தேன், எண்ணெய் போட்டு நீவிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டாக்டர் மனக்கவலை என்றார், அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்த டிரைவர் ஒருவர், மேல்மலையில் இருக்கிற போளூரில் பேச்சியம்மா என்று ஓர் அம்மா இருக்கிறார், அவரும் கால் முதலில் பிறந்தவர், போய் மிதித்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு என் மகளைப் பற்றித் தெரியாது, நானும் சொல்லவில்லை. எனக்கு இஷ்டமே இல்லை, என் மனைவி ஜோதிதான் பிடிவாதமாகக் கிளப்பினாள்.

வெயில் ஏறிய நேரம். பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா, காலைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் சாக்கு விரித்தார். குப்புறப் படுத்தேன். ஒரு காலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார், எடுத்துவிட்டார்.

"தம்பி, கால் வைக்க எடமில்லையேய்யா."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஏற்கெனவே ரெண்டு காலு நிக்குது. சின்னப்புள்ளக் காலு. என் காலு அதும்மேல இடிக்குது."

ஜோதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாழினியைப் பற்றிச் சொன்னாள். பேச்சியம்மா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் அழுத்தி மிதிச்சேன்னா எறங்கிப் போயிரும். வலியும் விட்டுரும். மிதிக்கட்டா?"

இதற்குத்தானே அத்தனை ஊர் அலைந்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"வேணாம்மா. நிக்கட்டும்."

திரும்பி வரும் வழி முழுக்க சீட்டில் முதுகைச் சாய்க்காமல் ஓட்டினேன். ஜோதி பின்னால் உட்கார்ந்து என் சட்டை மேல் உள்ளங்கையை வைத்தபடியே வந்தாள்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போதெல்லாம் வலி முன்னைவிடப் பாரமாக இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு சோலியாகப் போனபோது ஜோதியும் வந்தாள், பேச்சியம்மா வீட்டில் இறங்கினோம். மிதிக்க வேண்டாம், தொட்டு மட்டும் பாருங்கள் என்றேன். நுனிக்காலால் தொட்டவர், முகம் மாறி, ஜோதியைப் பார்த்தார்.

"காலு பெருசாயிருக்கு தாயி."

முதல் தடவை நாங்கள் போவதற்கு முன்பே யாரோ அவரிடம் மகள் விஷயத்தைச் சொல்லிவைத்திருப்பார்கள் என்பீர்கள். இருக்கலாம். அந்தப் பாரத்துக்கு என்னிடம் வேறு விளக்கம் கிடையாது. மறுநாள் காலை, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஜோதி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஏங்க, அவ வளருறான்னா, எங்கேங்க சாப்புடுறா?"