பேஞ்சோவின் கழுத்தில் அடித்த ஆணி

கிட்டார் வாசிக்கிறவனுக்கு உலகத்தில் எல்லாமே கிட்டார்தான். எங்கள் பேண்டின் கிட்டாரிஸ்ட் அப்படிப்பட்ட ஜென்மம். அடுகோடியில் வீடு, ஐடியில் வேலை, எந்த வாத்தியமானாலும் இரண்டு வீடியோ பார்த்ததும் நிபுணர்.

பிரேசர் டவுனில் எங்கள் பாடகியின் வீட்டு மாடியில் பிராக்டிஸ். சனிக்கிழமை அவளுடைய கசினின் ரிசப்ஷனில் வாசிக்க வேண்டும். ஜி சுருதியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டைத் திடீரென்று நிறுத்தினாள்.

"ரொம்ப கீழ இருக்குப்பா. ஏ-ல எடுக்கலாமா?"

கிட்டாரிஸ்ட் கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வியை, கழுத்தின் குறுக்குக் கட்டங்களில் இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினான். அவன் வேலை முடிந்தது. என் பேஞ்சோவில் அது நடக்காது. அதன் ஐந்தாவது கம்பி மற்ற நான்கைப் போலத் தலையிலிருந்து வராது. கழுத்தின் பாதியில், ஐந்தாவது ஃப்ரெட் அருகில்தான் தொடங்கும். அதற்குத் தனிக் கேப்போ வேண்டும்.

"கேப்போன்னா கேப்போதான மச்சா. இந்தா, என்னோட ஸ்பேர்."

"அந்தக் கம்பி அங்க இல்லவே இல்ல குரு. கண்ணு தெரியுதா உனக்கு?"

"சும்னே சீன் போடாத. முடியலன்னா சொல்லு, ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தன் கீபோர்டு வாசிப்பான். கூட்டிட்டு வரேன்."

பாடகி அதற்கும் தலையாட்டினாள். என் இடம் ஒற்றைக் கம்பியில் தொங்கியது.

மறுநாள் காலையிலிருந்து கிட்டாரிஸ்ட் லிங்க் அனுப்பிக் கொன்றான். எல்லாம் ஒரே வகை ஸ்லைடர் கேப்போ: கழுத்தின் ஓரத்தில் திருகி மாட்டும் உலோகத் தண்டவாளம், அதில் முன்னும் பின்னும் தள்ளக்கூடிய கொக்கி. மாடுலர் கிச்சன் டிராயர் மாதிரி இருந்தது. என் கட்டைவிரல் போகிற வழியில் அதைத் திருகச் சொல்கிறான்!

இன்னொரு வழி, வளைந்த தலையுள்ள குட்டி ஆணிகள். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிப்பவை. ஏழாவது, ஒன்பதாவது ஃப்ரெட் பக்கத்தில் அடித்துவிட்டு, வேண்டியபோது ஐந்தாவது கம்பியை அதன் அடியில் நுழைத்துக்கொள்ளலாம். ஆணியின் வளைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டுத் தாத்தாக்கள் இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆனால் மனிதன் இப்படியா ஆவான்?

ஆணிகளை வரவழைத்தேன். மர்பி டவுனில் எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் பேஞ்சோவைப் படுக்கவைத்துத் துளை போட்டேன்.

"நல்லா இருக்கறதுல எதுக்குடா ஓட்ட போடற?" என்றாள் அம்மா.

"கம்பிய மாட்டறதுக்குமா."

"அதான் ஏற்கெனவே மாட்டியிருக்கே!"

ரிசப்ஷனில் கீபோர்டுக்காரன் நிஜமாகவே வந்திருந்தான். மேடை ஓரத்தில் ஸ்டாண்டை விரித்து வைத்துக்கொண்டு, நான் எப்போது சாவேன் என்பதுபோல் பார்த்தான். பாடகி திரும்பினாள்.

"இன்னிக்கு வாய்ஸ் செமையா இருக்கு. இன்னும் அரை சுருதி ஏத்திக்கலாம்ப்பா."

ஏழில் ஆணி, ஒன்பதில் ஆணி. இந்த அரை சுருதிக்கு வேண்டிய எட்டில் ஒன்றுமில்லை.

"ஸ்லைடர் வாங்கியிருந்தா தள்ளிட்டு போயிருக்கலாம்ல மச்சா?" கிட்டாரிஸ்ட் பல்லைக் காட்டினான். சொன்னது சரிதான். அதனால் அந்தப் பல் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

ஐந்தாவது கம்பியை ஏழாவது ஃப்ரெட் ஆணியில் நுழைத்தேன். முகத்தை ஒதுக்கிக்கொண்டு, கம்பியை இறுக்கும் முறுக்காணியைத் திருகினேன். கம்பி கீச்சிட்டது. இன்னும் கொஞ்சம். அறுந்தால் கீபோர்டு. இன்னும் ஒரு துளி. அரை சுருதி ஏறி நின்றது, அறுபடவில்லை.

முதல் பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வந்து பேஞ்சோவைத் தட்டிப் பாராட்டினார்.

"கேப்போ ஐடியா நான்தான் குடுத்தேன் அங்கிள்," என்றான் கிட்டாரிஸ்ட்.

அடுத்த பாட்டில் அவனுக்கு ஒரு சோலோ இருந்தது. அது முடியும்வரை ஐந்தாவது கம்பியை எவ்வளவு சத்தமாகத் தட்ட முடியுமோ அவ்வளவு சத்தமாகத் தட்டினேன்.