இலந்தைத் தேநீர்

இப்போது பழ டீ என்று அட்டைப்பெட்டியில் வருகிறது. வாங்கிக் குடித்தும் பார்த்தேன், வாசனைதான் பெரிசு. கல்யாணமான புதிதில் நானே இலந்தையில் போட்டுக் குடித்திருக்கிறேன். மாட்டுக்கொட்டகை கூட்ட வருகிறவள் ஆற்றங்கரையில் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு வருவாள். முறத்தில் நாலு நாள் காயவைத்து, லேசாக நசுக்கி, சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவிடுவேன். துவர்ப்பும் புளிப்புமாக இருக்கும். என் வீட்டுக்காரர் கஷாயம் என்று முகத்தைச் சுளிப்பார். எனக்கும் அவளுக்கும் அதுதான் டீ.

நான் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து குடிப்பேன். அவளுக்கு, வேலியில் செருகிவைத்த கொட்டாங்கச்சியில் ஊற்றுவேன். அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை.

ஆட்சி மாறிய சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்புக்கு வராமல் நின்றார்கள். என் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். அன்றோடு அவளும் நின்றுவிட்டாள். அவரோ கேஸ் கேஸ் என்று தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார். பிள்ளைகுட்டி இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் பூனையோடு பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் பாதியில் எழுந்து போய்விடும்.

ஒருவழியாகப் பேசி முடித்து, கூலியும் கூடி, எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். அவள் மட்டும் வரவில்லை. இரண்டு தடவை சொல்லியனுப்பினேன். அவள் வராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மாசியில் ஒருநாள் கொல்லையில் வந்து நின்றாள்.

அவளுக்கென்று திருவாரூரில் வாங்கிவைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். "இனிமே உனக்கு இதுலதான்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இலந்தை டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றி, துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, மூன்றடி பின்னால் வந்து நின்றேன்.

டம்ளரைப் பார்த்தாள். நான் நின்ற இடத்தையும் பார்த்தாள். எனக்கு உறைக்கவில்லை.

"ஆறிடப் போவுது, குடி."

"குடிக்கிறேங்கம்மா."

நின்றபடியே குடித்தாள். டம்ளரைக் கழுவி அந்தக் கல்லிலேயே கவிழ்த்தாள். "நல்லா இருந்துச்சுங்க. கொட்டாய்க்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள்.

ஏன் என்று கேட்க வாயெடுத்தபோதுதான், நான் எங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. கையில் கொடுத்திருக்கலாம். அவள் படலைத் திறந்து வெளியே போகும்வரை நேரம் இருந்தது. மூன்றடிதான். என்னால் நடக்க முடியவில்லை.