வலிக்காத விரல்

அத்தைக்குக் கிடார் ஆசை எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் தங்கை அவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் காலை முதல் மாலை வரை மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைப்பாள். வீட்டுக்கு வந்த கையோடு கிடாரை எடுத்துக்கொள்வாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு அப்போது எட்டு வயது.

கம்பியில் அழுந்தி அவளுடைய இடது கை விரல்நுனிகள் சிவந்துபோகும். சர்ச்சில் கிடார் வாசிக்கிற ஒரு அண்ணனிடம் கேட்டாள். “மொதல்ல அப்பிடித்தாம்மா வலிக்கும். ஒருநாள்கூட வுட்றாத. விரல் காய்ச்சிப்போச்சின்னா அப்புறம் ஒண்ணும் தெரியாது” என்றார். செல்போன் வீடியோக்களும் அதையேதான் சொல்லின. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவோ, தோலைப் பற்றித் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்ற தோரணையில், “பதத்துக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ” என்றார்.

அத்தை பொறுத்துக்கொண்டாள். மணிக்கட்டு விண்விண் என்று தெறிப்பதாகச் சொன்னாள். கை மதமதவென்று இருக்கிறது என்று உதறிக்கொண்டே சாப்பிட உட்கார்வாள். அதுவும் விரல் காய்ப்பதற்குத்தான் என்று எல்லோரும் தைரியம் சொன்னோம்.

ஒருநாள், “இப்பல்லாம் வலிக்கவே இல்லடி” என்றாள். நான் நம்பவில்லை. ஒரு ஊக்கை எடுத்து அவள் ஆள்காட்டி விரலில் குத்திப் பார்த்தேன். சிரித்தாள். நான் கைதட்டினேன். அதன்பின் அதுவே எங்கள் வித்தையாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, குத்திக் காட்டுவேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கம்பெனியில் மெஷின் ஊசி அந்த விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. வெள்ளை லைனிங்கில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்ததாம். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, வலித்தபோதே கைக்கு ஓய்வு கொடுத்திருக்க வேண்டும் என்றார் வேலூர் டாக்டர். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. இனி கிடாரும் கிடையாது, மெஷினும் கிடையாது.

கட்டுப்போட்ட கையோடு அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “நான்தான பொறுத்துக்கோன்னு சொன்னேன்” என்று அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பாவமாக இருந்தது.

“அத்தைக்கு வலிக்காதுப்பா, நெஜமா” என்றேன்.

அப்பாவின் அழுகை கூடித்தான் போயிற்று. நான் சொன்னதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஊக்கைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினேன்.