கையெழுத்துக்கு முன்னால் வாசிக்கச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை காலை கராமாவில் முடிவெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. நூர்ஜஹான் லாத்தாவின் கணவர் சாகுல் காக்கா. "உங்க லாத்தா மவுத்தாயிட்டாங்க தம்பி. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றார். நான் அஜ்மான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டுத் தெருவில் எங்கள் கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. விடுமுறை நாளில் யாரும் சொல்லாமலே தொழிலாளர் தங்கும் கேம்ப்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கீழக்கரைப் பக்கம் அக்காவை லாத்தா, அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேசும் அத்தனை பேருக்கும் அவர் லாத்தாதான். வளைகுடா நாட்டில் ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனி அது. நான் ஸ்டோரில், அவர் பணியாளர் பிரிவில். விசா, லீவு, டிக்கெட் எல்லாம் அவர் மேசையில் நடந்தன. ஆனால் எங்களில் பலர் அவரை நினைத்துக்கொள்வது நவம்பர் மாத மெடிக்கல் இன்சூரன்ஸ் படிவத்தை வைத்துத்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் படிவம் வரும். இரண்டு திட்டங்கள் இருக்கும். சின்னதைக் கம்பெனியே கொடுத்துவிடும். குடும்பத்தையும் சேர்க்கக்கூடிய பெரியது வேண்டுமென்றால் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் எது வேண்டும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த நவம்பர் வரை மாற்ற முடியாது. எல்லாம் ஆங்கிலம். ஃபோர்மன் "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்த, ஆட்கள் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், லாத்தா அலுவலக நடையில் என்னை நிறுத்தினார். கையில் என் படிவம்.

"தம்பி, ஊர்லேருந்து வீட்டம்மாவ கூட்டிட்டு வரப்போறீங்கதானே?"

"ஆமா லாத்தா, ஜனவரியில."

"புள்ள பெத்துக்குற எண்ணம் இருக்கா?"

பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். எனக்குக் காது வரை சூடேறியது.

"வெக்கப்படுறதுக்கு இப்ப நேரமில்ல. புதன்கிழமை கடைசி நாள். நீங்க டிக் அடிச்சதுல பிரசவம் கெடையாது. பெருசுல இருக்கு, ஆனா சேர்ந்து சில மாசம் கழிச்சுதான் குடுப்பான். இப்ப சேர்ந்தாத்தான் சரியா வரும்."

அங்கேயே சுவரில் படிவத்தை வைத்து மாற்றி எழுதினேன். அடுத்த ஆண்டு இறுதியில் என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த லாத்தா குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே, டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டார்.

அவர் தவறே செய்யாதவர் இல்லை. ஒரு வருஷம், கேம்ப்புக்குப் பக்கத்து கிளினிக் பட்டியலில் இருக்கிறது என்று நம்பிச் சின்னத் திட்டமே போதும் என்று சொல்லிவிட்டார். அந்த கிளினிக் மூடியே பல மாதம் ஆகியிருந்தது. காய்ச்சலோடு டாக்ஸி பிடித்து அலைந்த தச்சர் ஒருவர் வந்து சண்டை போட்டார். லாத்தா அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குப் போய், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும், "நான் விசாரிக்காம சொல்லிட்டேன். என் தப்புதான்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் போன் போட்டுக் கேட்டு, தமிழில் பட்டியல் எழுதி ஒட்டினார். நவம்பர் வெள்ளிக்கிழமைகளில் அவர் கேம்ப்புக்குப் போவதும் அப்போதுதான் ஆரம்பமானது.

அப்படிப் போன ஒரு நாளில்தான் பிளம்பர் கருப்பையாவின் விஷயம் வந்தது. அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், ரூமில் ஒளித்துவைத்து இன்சுலின் போட்டுக்கொள்வார். படிவத்தில் 'ஏதேனும் நோய் உண்டா' என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். நான் லாத்தாவுக்கு உதவியாகப் போயிருந்தேன்.

"எழுதினா விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்க லாத்தா. கலாஸ், எல்லாம் முடிஞ்சுரும். ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு" என்றார் கருப்பையா.

"மறைச்சு எழுதினா, நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்த பொறவு காசு தர மாட்டேன்னுருவான்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

லாத்தா அந்தப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "உங்க பயம் நியாயந்தான். அனுப்ப மாட்டோம்னு எழுத்துல வாங்கிட்டு வாறேன். அதுவரைக்கும் பேனாவக் கீழ வையிங்க" என்றார்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் மேனேஜர் அறைக்கு நான் ஸ்டோர் பில்லில் கையெழுத்து வாங்கப் போனபோது லாத்தா அங்கே நின்றுகொண்டிருந்தார். இதையெல்லாம் கிளறினால் இன்சூரன்ஸ் செலவு கூடும், உனக்கு ஏன் இந்த வேலை என்று மேனேஜர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். லாத்தா குரலை உயர்த்தவில்லை. "பொய் எழுதுறாங்கன்னு தெரிஞ்சுகிட்டே நான் படிவம் வாங்க முடியாது சார். வேற ஆளப் போட்டுக்குங்க" என்றார். அன்று முழுவதும் பதில் இல்லை. வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். அடுத்த நாள் மதியம், படிவத்தில் எழுதும் நோய்க்காக யாருடைய விசாவும் ரத்தாகாது என்ற கடிதம் மேனேஜர் கையெழுத்தோடு வந்தது.

கருப்பையா புதுப் படிவம் எழுதினார். அதைப் பார்த்து ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா என்று மறைத்துவைத்திருந்த இன்னும் பலர் எழுதினார்கள். கோடையில் கருப்பையாவின் காலில் குழாய் விழுந்து காயம் புண்ணாகி, சீழ் பிடித்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இன்சூரன்ஸ் மறுக்கவில்லை. ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. லாத்தாவை அடக்கம் செய்த அந்த வெள்ளிக்கிழமை, மையவாடிக்கு அவர் நடந்துதான் வந்தார்.

இந்த ஆண்டுப் படிவங்கள் சென்ற வாரம் வந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்து வாசித்துச் சொன்னோம், கருப்பையாவும் நானும் இன்னும் நான்கு பேரும். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் தாளை என்னிடம் நீட்டி, "எனக்கு ஒண்ணும் புரியலண்ணே, நீங்களே டிக் அடிச்சிருங்க" என்றார். என் கை பேனாவுக்குப் போய் நின்றது. லாத்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தயக்கம்தான். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க? உடம்புக்கு என்ன பண்ணுது? முதல்ல அதச் சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லத் தொடங்கினார்.