வாய்க்கால் பட்டியலில் ரெஃபூகியாவின் பெயர்

ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கும்போது, நீங்கள் படுத்த வீடு அப்படியே இருக்க, நாடு மட்டும் கைமாறியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ரெஃபூகியாவுக்கு அது இரண்டு முறை நடந்தது. முதல் முறை 1848இல். போரில் தோற்ற மெக்சிகோ பாதி நாட்டை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தபோது அவள் ஊரும் சேர்ந்து போனது. "நாம மெக்சிகோக்காரங்க, அங்கேயே போயிருவோம்" என்றான் கணவன் லூசேரோ. கதவைக்கூடக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, ஆற்றைக் கடந்து, மெக்சிகோ மண்ணில் இருந்த மெசீயா என்ற புது ஊரில் குடியேறினார்கள். அரசு கொடுத்த நிலப் பத்திரத்தைப் சுடாத மண்கல்லால் கட்டிய சுவருக்குள் வைத்து மண்ணால் பூசிவிட்டார்கள். பெட்டியைத் திருடலாம், சுவரை யார் திருடுவார்கள்?

அடுத்த வருடமே லூசேரோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

மெசீயாவில் மழையை நம்பி ஒருவரும் விதைப்பதில்லை. நிலமுள்ள ஒவ்வொருவரும் வசந்தம் பிறந்ததும் வாய்க்காலைத் தூர் வார வேண்டும். மண்வெட்டி வராத வயலுக்குத் தண்ணீர் இல்லை. ஆண்கள் மட்டுமே நிற்கும் அந்தக் கரையில் ரெஃபூகியா மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"என்னம்மா, வீட்ல சோளம் அரைக்கிற வேலை இல்லையா?" என்றான் பக்கத்து வயல் எபிஃபானியோ.

"அரைச்சு, ரொட்டியும் சுட்டு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நீ தின்னதைத் தவிர வேற என்ன பண்ணிட்டு வந்தே?"

கரை முழுக்கச் சிரிப்பு. வாய்க்கால் தலைவர் அனஸ்தாசியோ தூர் வார வேண்டிய நிலக்காரர்களின் பட்டியலைப் படித்தார். "லூசேரோவின் விதவை!"

ரெஃபூகியா மண்வெட்டியின் காம்பைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். அவர் அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"எதிர்லதானே நிக்கிறீங்க கொமாத்ரே? காது கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது கொம்பாத்ரே. ஆனா மண்ணு வெட்டப் போறது நான், செத்தவர் இல்லை. எனக்குன்னு ஒரு பேர் இருக்கு."

அனஸ்தாசியோ மீசையைக் கடித்தார். பிறகு அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதினார்: ரெஃபூகியா மொந்தோயா.

1854இல் இரண்டாவது முறை. கஜானா காலியான மெக்சிகோ அரசு, அமெரிக்கா ரயில் பாதை போட நிலம் கேட்டதும், ஒரு கோடி டாலருக்கு அந்தப் பகுதியையே விற்றது. சதுக்கத்தில் கொடி மாறியது. ஆடு மாடு வாங்குகிறவனாவது அதைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவான். இந்த மனிதர்களை விற்றவனும் பார்க்கவில்லை, வாங்கியவனும் பார்க்கவில்லை.

மறுவருடம் ஆறு பெருகி வந்தது. ரெஃபூகியாவின் சுவர் கரைந்தது, உள்ளே இருந்த பத்திரமும் கூழானது. செய்தி தெரிந்து எங்கிருந்தோ வந்த ஒருவன், பத்திரமில்லாத நிலம் தனக்குத்தான் என்று அவள் வயலில் முளையடித்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைவர் பதவி நிலைக்கும் என்று அனஸ்தாசியோவின் காதிலும் போட்டுவைத்தான்.

சதுக்கத்தில் விசாரணை. அனஸ்தாசியோ பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். புதிய அரசின் அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க பட்டியல்ல பொம்பளை பேரா? நேத்து எழுதினதா?"

"மை வெளுத்துப் பழுப்பாயிருக்கு, பாருங்கய்யா. அஞ்சு வசந்தத்துக்கு முன்னாடி எழுதினது. அதுக்கப்புறம் வருஷா வருஷம் இவங்க பேரு இருக்கும்."

"கோடு எதுக்கு?"

"அந்தம்மா சண்டை போட்டாங்கய்யா."

எபிஃபானியோ கூட்டத்திலிருந்து கத்தினான்: "எனக்கு அடுத்த வாய்க்கால் பங்கு அவங்களுது. என்னைவிட ஆழமா வெட்டுவாங்க!"

வயல் அவளிடமே நின்றது. அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேருக்கு அப்படி நிற்கவில்லை. அவர்களுக்காக யாரும் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு வரவில்லை.

அனஸ்தாசியோவுக்கு முழங்கால் விட்டுப்போன பிறகு, தன் பங்கை முடித்துவிட்டு அவர் பங்கையும் ரெஃபூகியாவே வெட்டினாள். மிளகாய்க் குழம்பின் முதல் கிண்ணமும் அவருக்குத்தான்.

"இதெல்லாம் எதுக்கு கொமாத்ரே?" என்பார் கரையில் உட்கார்ந்தபடி.

"அன்னைக்கு ஒரு கோடு போட்டீங்களே, அதுக்கு. சாப்பிடுங்க, ஆறிடும்."

உங்கள் வீட்டு நிலப் பத்திரத்திலோ, ஊர்ச் சங்கப் பட்டியலிலோ உழைக்கிற ஒருத்தி இன்னமும் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் விதவை" என்றே கிடக்கிறாளா? இன்றே போய்ப் பாருங்கள். அந்த வரியை அடித்துவிட்டு, அவள் பெயரை எழுத வையுங்கள்.